கண்டேன் என்னும் சொல்

புத்தாண்டு பிறந்ததும் மனிதர்கள் கூடிப் பேசுகிறார்கள். வாழ்த்துச் சொல்லி முடித்த கையோடு, சென்ற ஆண்டைப் பற்றியும் வரும் ஆண்டைப் பற்றியும் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. கடைக்காரர் கொள்முதலைப் பேசுவார். அலுவலர் பதவி உயர்வைப் பேசுவார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் பள்ளிக் கட்டணத்தையும் மகளின் திருமணத்தையும் பேசுவார்கள். இவையெல்லாம் வாழ்க்கைக்கு வேண்டிய பேச்சுகள். இவற்றோடு சேராத ஒரு பேச்சும் நம் ஊர்களில் நடைபெறுகிறது. பிழைப்புக்கு உதவாத, உறவுக்கும் அவசியமில்லாத, ஓர் ஆசையை மட்டுமே முதலாகக் கொண்டு கூடுகிற நண்பர்களின் பேச்சு அது. தபால்தலை சேர்ப்பவர்கள், பழங்காசு தேடுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், பறவை பார்ப்பவர்கள் என இவர்கள் பல வகையினர். இவர்களது பேச்சு வீண் பேச்சா, அன்றி அதற்கும் ஒரு மதிப்பு உண்டா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நாவைப் பற்றி நம் முன்னோர் காட்டிய எச்சரிக்கையை நினைத்துப் பார்த்தால் அதன் கனம் புலப்படும். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் நாவின் கேடுகளுக்கென்றே ஒரு தனிப் பகுதியை ஒதுக்கினார்கள். அதில் இருபது கேடுகளை வரிசைப்படுத்தி, தனக்குத் தொடர்பில்லாததைப் பேசுவதை அவற்றுள் முதலாவதாக வைத்தார்கள். நம் தமிழ் மண்ணின் வள்ளுவரோ 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பொய்யையும் புறங்கூறலையும் கடிந்ததோடு அமையாமல், பயனற்ற சொல்லையும் இவ்விருவரும் கடிந்தனர் என்பது எண்ணத்தக்கது.

அப்படியானால், ஜனவரி மாதக் காலையில் அடையாற்றுப் பாலத்தின் மீது நின்றுகொண்டு நீரில் தெரியும் ஒரு சிறு பறவையைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிற நான்கு நண்பர்களை நாம் என்னவென்று சொல்வது?

சென்னையில் ஒரு பேச்சு

இப்படிப்பட்டவர்கள் சென்னையில் உண்டு. நேற்று இன்று தோன்றியவர்களும் அல்லர். புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராயிருந்த எட்வர்டு பல்க்லி, இவ்வூர்ப் பறவைகளின் படங்களையும் குறிப்புகளையும் இலண்டனில் இருந்த நண்பர் ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பி வைத்தார். அவை 1713இல் ஜான் ரே என்பவரின் பறவை நூலோடு சேர்ந்து வெளிவந்தன. பல்க்லிக்கு வைத்தியம் தொழில். பறவை அவரது ஆசை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்நகரில் இந்த ஆசைக்கு ஓர் ஆள் இருந்திருக்கிறார்.

நம் காலத்துக்கு வந்தால், மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணனைச் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான அவர், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை இயற்கையைப் பற்றிய பத்தி ஒன்றை இடைவிடாமல் எழுதி வந்தார். 1978இல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தோன்றியது. வெளிமானின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய 'பிளாக்பக்' என்னும் அதன் இதழில், உறுப்பினர்கள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார்கள். 2015 முதல் பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. அதில் பங்குகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி எழுதத் தெரிந்தால் போதும்.

ஆகவே, ஜனவரி முதல் வாரத்தில் இந்நண்பர்களின் பேச்சுக்குத் தனிச் சூடு உண்டு. வடக்கேயிருந்து வலசை வந்த உள்ளான்கள் அடையாற்று முகத்துவாரச் சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கும் காலம் அது. தியாசாபிகல் சொசைட்டியின் மரங்களிலும் கிண்டிக் காட்டிலும் குளிர்கால விருந்தாளிகள் தங்கியிருப்பார்கள். தியாகராய நகர் நடேசன் பூங்காவில் காலைநடை முடித்து உட்கார்ந்திருப்பவர்களிடையே நடைபெறும் உரையாடல் ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

"என்ன பாய், இந்த வருஷத்து முதல் பறவை எது?"

"வேறென்ன சார், காக்காதான். ஜன்னலைத் திறந்தேன், எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தது."

"எனக்கும் அதேதான். ஆறுமணிக் குருவி இன்னும் உங்கள் பக்கம் இருக்கிறதா?"

"சாயங்காலம் குரல் கேட்டது. ஆளைப் பார்க்கவில்லை."

"அப்படியென்றால் 'குரல் கேட்டது' என்றே எழுதிக்கொள்ளுங்கள்."

வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், பட்டறை வைத்திருப்பவர், கல்லூரி மாணவர் என்று பலரும் கூடிய பேச்சு இது. இதனால் ஒருவருக்கும் ஒரு காசும் வரப்போவதில்லை. எனினும் அந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம். கேட்டதைக் கேட்டதாகவும், கண்டதைக் கண்டதாகவும் பிரித்துச் சொல்லுமாறு ஒரு நண்பர் இன்னொரு நண்பரிடம் கேட்கிறார். நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் சாட்சியிடம் கேட்க வேண்டியதை, பூங்கா இருக்கையில் ஒருவர் இயல்பாகக் கேட்டுவிடுகிறார். நம் கேள்விக்கான விடையின் நுனி இங்கேதான் இருக்கிறது.

பயனற்றதும் பயன் கருதாததும்

பயனற்ற பேச்சு ஒன்று. பயன் கருதாத பேச்சு வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் குழப்பம் விளைகிறது.

பயனற்ற பேச்சு எப்படியிருக்கும் என்பதை நாம் யாவரும் அறிவோம். அது பெரும்பாலும் இல்லாத ஒருவரைப் பற்றியதாயிருக்கும். அல்லது பேசுகிறவரின் பெருமையைப் பற்றியதாயிருக்கும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எண்ணிக்காட்டிய கேடுகளில் புறம் பேசுதல், கோள் சொல்லுதல், பரிகாசம் செய்தல், வீண் வாதம் புரிதல் ஆகியவையெல்லாம் மனிதர் மனிதரைக் கடிக்கும் கேடுகளே. நான்கு பேர் கூடி, அவர்கள் நடுவே பேசுவதற்கு வேறு பொருள் இல்லையென்றால், ஐந்தாமவரின் மானம்தான் அந்தப் பேச்சுக்கு இரையாகிறது.

ஆசையால் கூடிய நண்பர்களின் நடுவே ஒரு பொருள் இருக்கிறது. அது ஒரு பழங்காசாக இருக்கலாம். சதுரங்கப் பலகையாக இருக்கலாம். சேற்றில் ஓடும் ஓர் உள்ளானாக இருக்கலாம். எல்லாருடைய கண்களும் அந்தப் பொருளின் மீது இருப்பதால் நா மற்றவர் குறையைத் தேடிப் போவது குறைகிறது. சமயத்தால், சாதியால், வருவாயால் வேறுபட்டவர்கள் ஒரே இருக்கையில் அமர்ந்து சண்டையின்றிப் பேசுவதற்கு இத்தகைய ஒரு மூன்றாம் பொருள் பேருதவி புரிகிறது. நகர வாழ்க்கையில் இது எளிதில் கிட்டாத நன்மை.

ஆயினும் பொருள் ஒன்று நடுவே இருப்பது மட்டும் போதாது. அப்பேச்சிலும் கேடு நுழையும் வாசல் ஒன்று உண்டு. "போன வருஷம் நான் இருநூறு இனம் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னதும், "நான் இருநூற்று இருபது" என்று சொல்ல இன்னொருவருக்கு நா துடிக்கிறது. புத்தாண்டுக் கணக்கு போட்டியாக மாறும்போது பறவை பின்னுக்குப் போய்விடுகிறது. 'நான்' முன்னே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்பொழுது, காணாததைக் கண்டேன் என்று சொல்ல ஒரு கணம் போதும்.

இங்கேதான் நாம் பேச வந்த அறக் கேள்வி முழு உருவத்தோடு எழுகிறது. விடியற்காலையில் முகத்துவாரத்தில் ஒருவர் தனியாக நின்று ஒரு பறவையைப் பார்க்கிறார். அருகில் யாருமில்லை. பறவை பறந்துவிடுகிறது. அவர் உண்மை சொன்னாலும் பொய் சொன்னாலும் எவரும் சரிபார்க்க முடியாது; பொய் சொன்னால் எவருக்கும் நட்டம் இருப்பதாகவும் தெரியவில்லை. தண்டனையில்லாத, சாட்சியில்லாத, நட்டமில்லாத இடத்தில் மனிதன் ஏன் உண்மை சொல்ல வேண்டும்?

பிறையும் பறவையும்

நமக்கு இந்தக் கேள்வி புதியதன்று. நம்முடைய ஆண்டே ஒருவரின் 'கண்டேன்' என்ற சொல்லில்தான் பிறக்கிறது. துல்ஹஜ் மாதம் முடிந்து முஹர்ரம் பிறக்கும் மாலையில் மேற்கு வானில் ஒரு மெல்லிய கீற்று சில நிமிடங்களே தெரிந்து மறைகிறது. அதைக் கண்டவர் வந்து சொல்கிறார். தலைமைக் காஜி விசாரித்து அறிவிக்கிறார். ஊர் அதை ஏற்று நாட்காட்டியின் தாளைப் புரட்டுகிறது. மேகம் மூடிய வானத்தில் ரமலான் பிறையை நேர்மையான ஒருவர் கண்டதாகச் சொன்னாலும் அதை ஏற்கலாம் என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். ஒரே ஒருவரின் கண்ணை நம்பி ஓர் ஊரே நோன்பு நோற்கிறது.

அங்கே கேட்கப்படுவது பட்டமோ செல்வமோ அன்று. சொல்பவர் நம்பத்தகுந்தவரா என்பதுதான். அவரது அன்றாடப் பேச்சில் உண்மை இருக்கிறதா, சிறு விஷயங்களில் மிகைப்படுத்துகிறவரா என்பதை ஊர் அறிந்திருக்கிறது. ஒரு மாலையில் வானைப் பார்த்துச் சொல்லும் சொல்லின் எடை, அதற்கு முன் ஆயிரம் மாலைகளில் திண்ணையில் அமர்ந்து சொன்ன சொற்களால் ஆனது.

பறவை பார்ப்பவரின் 'கண்டேன்' இத்தகைய பொறுப்பு உடையதா என்று வாசகர்கள் ஐயுறலாம். ஒரு குருவியைப் பற்றிய பொய் யாரை என்ன செய்துவிடும்? அது என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு வரலாறு உண்டு.

ஒரு பொய்யின் ஆயுள்

காட்டுச் சிற்றாந்தை என்றொரு பறவை. உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடுமளவு சிறியது. நடு இந்தியக் காடுகளுக்கு உரியது. 1873இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. 1884இல் கடைசியாக ஒன்று பிடிக்கப்பட்டது. அதன் பிறகு அதைக் கண்டவர் இலர். உலகின் அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைக்கப்பட்ட உடல்கள் ஏழே ஏழு. அவ்வினம் அழிந்துவிட்டதென்றே பலரும் எண்ணினர்.

ஆனால் ஒரு பதிவு மட்டும் அந்தக் கணக்கில் பொருந்தாமல் நின்றது. 1914இல் குஜராத்தில் ஒன்றைத் தாம் பிடித்ததாக ரிச்சர்டு மைனர்ட்ஸ்ஹாகன் என்னும் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி சொல்லியிருந்தார். அவர் பறவையியலில் பெரும் புகழ் பெற்றவர். நம் சலீம் அலியும் 1937இல் அவரோடு ஆப்கானிஸ்தானுக்குச் சென்று வந்தவர்தாம். அத்தகையவரின் சொல்லைப் பலரும் நம்பினர். ஆந்தையைத் தேடியவர்களுக்கு அவரது பதிவும் ஒரு வழிகாட்டியாயிற்று.

1967இல் அவர் மறைந்த பின்னர், 1990களில் அவரது சேகரிப்பை ஆராய்ந்தவர்கள் திடுக்கிட்டார்கள். பிறர் பிடித்துப் பாடம் செய்த பறவைகளை அருங்காட்சியகங்களிலிருந்து திருடி, புதிய சீட்டுகளில் பொய்யான இடத்தையும் நாளையும் எழுதிக் கட்டியிருந்தார் அவர். அவரது ஆந்தையும் அத்தகையதே. 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் பிடித்த ஆந்தையைத் திருடி, பிரித்து, மறுபடியும் தைத்துத் தமதாக்கியிருந்தார். ஆராய்ச்சியாளர் பமீலா ராஸ்முசன் அந்தப் பொய்ப் பதிவை ஒதுக்கிவிட்டு, மெய்யான பழைய சீட்டுகளில் குறித்திருந்த இடங்களை மட்டும் கணக்கில் எடுத்தார். 1997 நவம்பரில் தம் தோழர்கள் இருவரோடு மகாராஷ்டிரத்தின் ஷாஹாதா பகுதிக்குச் சென்றார். அங்கே, ஒரு மரத்தில், 113 ஆண்டுகள் காணாமற்போன ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. மைனர்ட்ஸ்ஹாகனுக்குப் பணத்தேவையோ அச்சமோ இருந்ததாகத் தெரியவில்லை. நண்பர்களின் வட்டத்தில் ஒருபடி உயர்ந்து நிற்பதைத் தவிர அந்தப் பொய்யில் வேறு ஆதாயம் காண்பது அரிது. இது ஒன்று. மற்றொன்று, நட்டமில்லை என்று தோன்றிய பொய் உண்மையில் பலருக்கு நட்டத்தைத் தந்தது. அவர் காலத்தில் பிறக்காதவர்கள், அவரை ஒருநாளும் காணாதவர்கள், அந்தப் பொய்யை நம்பி வழிதவறினர். அவர் சேர்த்த ஆயிரக்கணக்கான மெய்ப் பதிவுகளும் இன்று ஐயத்தோடுதான் பார்க்கப்படுகின்றன. எந்தச் சொல் எவருக்குப் பின்னாளில் சாட்சியமாகும் என்பதைச் சொல்லும் நேரத்தில் நாம் அறிய மாட்டோம். முன்னர் எழுப்பிய வினாவுக்கு இதுவே விடை: நட்டமில்லாத இடம் என்று நாம் நினைப்பது, நட்டப்படுகிறவரை இன்னும் காணாத இடம்தான்.

ஒரு சிறுவனின் கேள்வி

இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். 1896இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவன், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமாகக் காணும் சிட்டுக்குருவியில் அது கிடையாது. இந்தக் குருவி உண்பதற்கு ஹலாலானதா என்ற ஐயம் அவனுக்கு எழுந்தது, மாமனிடம் கேட்டான்.

'ஏதோ ஒரு குருவி, சாப்பிடு' என்று மாமன் சொல்லியிருக்கலாம். 'அதெல்லாம் உனக்கெதற்கு' என்று துரத்தியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே கௌரவச் செயலாளராயிருந்த மில்லார்டு, ஒரு சிறுவன்தானே என்று ஒதுக்காமல், பேழைகளைத் திறந்து குருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்தச் சிறுவன்தான் சலீம் அலி. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலையும், 1968 முதல் 1974 வரை தில்லன் ரிப்ளியோடு சேர்ந்து பத்துத் தொகுதிகளையும் அவர் நாட்டுக்குத் தந்தார். 1985இல் எழுதிய தன்வரலாற்றுக்கு அந்தக் குருவியை நினைந்தே பெயர் வைத்தார்.

உயர் பட்டம் இல்லாத காரணத்தால் தகுந்த வேலை கிட்டாத நாட்கள் சலீம் அலிக்கும் இருந்தன. 1930இல் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கியிருந்தபோது, தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை நாள்தோறும் உட்கார்ந்து பார்த்தார். ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டி வைத்துக் காத்திருக்கும். பெண்குருவி வந்து பார்த்துப் பிடித்திருந்தால் குடியேறும். அதன் பின்னர் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இதை அவர் அன்று பொறுமையோடு கண்டெழுதினார். ஊரார் கண்ணுக்கு அவர் வேலையற்றவராகத் தெரிந்திருக்கக் கூடும். பயன் கருதாத ஒன்றைப் பொய்யில்லாமல் செய்ததால் பின்னர் அதற்குப் பயன் விளைந்தது.

தெரியாது என்னும் உண்மை

இன்று இத்தகைய சிறு பதிவுகள் ஒன்றுசேர்ந்து பெரியதோர் அறிவாகியிருக்கின்றன. இந்தியப் பறவைகளின் நிலையைப் பற்றி 2020இல் வெளிவந்த அறிக்கை, 15,500க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் எழுதிவைத்த ஒரு கோடிக்கும் மேலான பதிவுகளைக் கொண்டு 867 இனங்களை ஆராய்ந்தது. 2023இல் வந்த அடுத்த அறிக்கைக்கு ஏறத்தாழ 30,000 பேரின் மூன்று கோடிப் பதிவுகள் அடிப்படையாயின. ஆராயப்பட்ட இனங்கள் 942. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். காலை நடையில் கண்ட காக்கையையும் எழுதி வைத்தவர்கள்.

இதன் பயனை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்கலாம். கைபேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிந்துபோயிற்று என்று வீடுதோறும் பேசப்படுகிறது. சொன்னவர் எவரும் எண்ணிப் பார்த்தவர் அல்லர். 2020ஆம் ஆண்டு அறிக்கையோ, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருக்கிறதென்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்து வருகிறதென்றும் கூறியது. கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்குத் தக்க சான்று இல்லையென்றும் தெரிவித்தது. பரபரப்பான வதந்தியை விட இந்த விடை சுவை குறைந்ததுதான். ஆனால் குருவிக்கு உண்மையில் உதவ விரும்புகிறவருக்கு இதுதான் வேண்டும்.

இந்நண்பர்களிடம் நாம் பெரிதும் மதிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. உள்ளான்களில் பல இனங்கள் ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். பல்லாண்டு பழகியவரும் தடுமாறுவர். அவ்வாறு தடுமாறும்போது, 'ஏதோ ஓர் உள்ளான், இனம் தெரியவில்லை' என்று எழுதும் வழக்கம் அவர்களிடையே இருக்கிறது. அதை எவரும் இழிவாகக் கருதுவதில்லை. நம் பொது வாழ்வில் எத்தனை மேடைகளில், எத்தனை வீடுகளில், 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லை நாம் கேட்கிறோம்? மார்க்கம் முதல் மருத்துவம் வரை கேட்ட மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லும் காலமல்லவா இது? தெரியாததைத் தெரியாதென்று வெட்கமின்றிச் சொல்லக் கற்றுக்கொடுக்கும் எந்தக் கூட்டமும் நம் மரியாதைக்கு உரியது.

சொல்லாமையும் ஓர் அமானிதம்

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால், அறிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்பது பொருளன்று. அரிய பறவையின் கூடு இருக்குமிடத்தைக் கண்டவர் அதை ஊரறியச் சொன்னால், மறுநாளே படம்பிடிக்க ஒரு கூட்டம் சென்று நிற்கும். தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடும். வேட்டையாடுபவர் செவிக்கும் அது எட்டும். ஆகவே, ஆபத்துக்குள்ளான இனங்களின் இடத்தைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைத்து வைக்கும் வழக்கத்தைப் பறவைப் பதிவு அமைப்புகள் கொண்டுள்ளன. நண்பர்களும் தமக்குள் அவ்வாறே கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறார்கள்.

சபையில் கேட்டது அமானிதம் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பேச வாயில்லாத ஓர் உயிரின் இருப்பிடமும் அத்தகைய அமானிதமே. எதைச் சொல்வது, எதை அடக்கி வைப்பது என்ற இந்தப் பயிற்சி, மனிதர்களின் இரகசியங்களைக் காப்பதற்கும் உதவும் என்பதில் ஐயமில்லை.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

'இவையெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு. அடையாற்றின் கரையிலேயே வறியவர்கள் வாழும்போது உள்ளானை எண்ணிக்கொண்டிருப்பதா?' என்று கேட்பவர்களும் உண்டு. இது நேர்மையான கேள்வி. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அண்டைவீட்டாரின் பசியை மறக்கச் செய்யும் எந்த ஆசையும் குற்றமுள்ளதே. தன் வீட்டுக் கடமையை விட்டுவிட்டுத் தொலைநோக்கியோடு திரிபவரை நாம் ஆதரிக்க மாட்டோம்.

ஆயினும், ஆசையும் கவனிப்பும் செல்வர்களுக்கே உரியவை என்று எண்ணுவது சரியன்று. முகத்துவாரத்தை அடுத்த ஊரூர் குப்பத்தின் மீனவர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் பேசுகிறார்கள். வலையைச் செப்பனிட்டுக்கொண்டே கடலைப் பற்றி அவர்கள் பேசும் பேச்சில், அன்றைய மீனுக்கு அவசியமில்லாத கவனிப்புகளும் எத்தனையோ உண்டு. மேலும், கண் பழகியவருக்கே கேடு முதலில் தென்படுகிறது. ஜனவரி முதல் இரவுநேரங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரை மணலில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இயங்கி வருகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இது வழக்கமான சாவு அன்று என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு, முந்தைய ஆண்டுகளில் இரவெல்லாம் நடந்து எண்ணி வைத்தவர்களின் கணக்கும் ஒரு காரணம். எண்ணாதவருக்கு இழப்பும் தெரியாது.

வீட்டுக்கு ஒரு சொல்

நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்தோ தெருவிலிருந்தோ ஓடிவந்து, "வாப்பா, நான் இவ்வளவு பெரிய பாம்பைப் பார்த்தேன்" என்று கைகளை விரிக்கும் நேரம் எல்லா வீடுகளிலும் வரும். நாமோ கடைக்கணக்கில் மூழ்கியிருப்போம்; 'சரி, போய்ப் படி' என்று அனுப்பிவிடுவோம். அல்லது பொய் சொல்கிறாய் என்று அதட்டுவோம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. "எங்கே பார்த்தாய்? எவ்வளவு நேரம் இருந்தது? வால் தெரிந்ததா, தலை தெரிந்ததா?" என்று பொறுமையாகக் கேட்கலாம். கைகளின் அகலம் தானாகக் குறையும். அளவைக் குறைத்துச் சொன்னதற்காக அந்தப் பிள்ளையைப் பாராட்டவும் வேண்டும்.

பிள்ளைக்கு அன்று பாம்பைப் பற்றிய அறிவு கிடைக்கிறதோ இல்லையோ, 'கண்டேன்' என்ற சொல்லுக்கு ஒரு விலை உண்டு என்பது தெரிந்துவிடும். மாமன் ஒருவர் அக்கறையோடு கேட்டதால் நாட்டுக்கு ஒரு சலீம் அலி கிடைத்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் யாவரும் சலீம் அலி ஆக வேண்டியதில்லை. கடையில் எடை சொல்கிறவராக, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திடுகிறவராக, ஒரு பெண்ணைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு விவரம் சொல்கிறவராக அவர்கள் வளர்வார்கள். அங்கெல்லாம் அவர்களின் சொல்லை நம்பிச் சிலருடைய வாழ்வு இருக்கும்.

ஆகவே, புத்தாண்டுக் காலையில் பூங்கா இருக்கையில் அமர்ந்து பறவையைப் பற்றிப் பேசுகிற நண்பர்களை நாம் வீணர்கள் என்று சொல்ல மாட்டோம். அவர்கள் கண்டதைக் கண்டபடி சொல்லும் வரையிலும், காணாதவரைப் பற்றிப் புறம் பேசாத வரையிலும், தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொள்ளும் வரையிலும் அப்பேச்சு நாவுக்கு நல்ல பயிற்சியே. மேற்கு வானில் பிறையைக் கண்டேன் என்று நாளை ஒருவர் வந்து நின்றால், ஊர் அவரை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கு உரியவராக அவர் ஒரே நாளில் ஆகிவிட முடியாது. காக்கையைக் கண்டபோது காக்கை என்றே சொல்லி அவர் முன்பே பழகியிருக்க வேண்டும்.